மஞ்சள் பட்டாலும் அழியாது

வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்க வேண்டும், இங்க் டேங்க் மாடலில் எது நல்லது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. கேட்பவர்மேல் என்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் சிதம்பரத்து அக்கா ஒருவர் கைப்பையை மார்போடு அணைத்தபடி கண்ணெதிரே வந்து நின்றுவிடுகிறார். பேரைச் சொல்ல மாட்டேன். சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமில் சேல்ஸ்மேன். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் என் பகுதி. நீல டீஷர்ட், கழுத்தில் அட்டை, வாயில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தாயிற்று. பேரம் பேசியே உயிரை எடுப்பவர்கள், வாங்காமலே நாலு மணி நேரம் ஏசியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள், எல்லாரையும் சமாளித்தவன் நான். அந்த அக்கா படுத்திய பாட்டை மட்டும் ஒருத்தரும் படுத்தியதில்லை.

எதற்கெடுத்தாலும் அவருக்கு ஒரே பேச்சுதான். முதல் தடவை வந்தபோது ஒரு மாடலைக் காட்டி, ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த வாரம் வந்துவிடும் என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான். வந்தால் வரும், வராவிட்டால் அதற்கடுத்த வாரம். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் பையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையை எடுத்து நீட்டினார்.

"அடுத்த வாரம் வரும்னு எழுதிக் குடு தம்பி."

"எதுக்குக்கா? நான்தான் சொல்றேன்ல?"

"வாயால சொன்னத நாளைக்கு சொல்லவே இல்லம்பாங்க. எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்துத் தொலைத்தேன். அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், உறையும் கையுமாக வந்து நின்றார். ஸ்டாக் வரவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். சத்தமே போடாமல் உறையை மேசைமேல் வைத்து, என் கையெழுத்தை எனக்கே காட்டினார். பக்கத்தில் டிவி பார்க்க வந்திருந்த குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

இன்னொரு நாள். எனக்கு வார விடுமுறை, சிதம்பரத்தில் அத்தை மகன் வீட்டுக்குப் போக பஸ் ஏறியிருந்தேன். முன் சீட்டில் இந்த அக்கா. வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டதற்குக் கண்டக்டர், "அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவோம்மா" என்றார். அவ்வளவுதான், அக்கா டிக்கெட்டைத் திருப்பி நீட்டிவிட்டார்.

"அஞ்சு நிமிஷம்னு இதுல எழுதிக் குடுங்க."

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. கண்டக்டர் டிரைவரைப் பார்த்து, "அண்ணே, எடுண்ணே, இல்லன்னா பத்திரம் பதியச் சொல்லும்போல" என்றார். வண்டி அந்த நிமிஷமே கிளம்பிவிட்டது என்பது வேறு விஷயம். அக்கா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, டிக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று நான் சிதம்பரம் வரைக்கும் குனிந்துகொண்டே போனேன். இப்படிக்கூட ஒரு பொம்பளை இருக்குமா என்று எனக்கு அப்படி ஓர் எரிச்சல்.

பிரிண்டர் வாங்கிய நாளுக்கு வருகிறேன். ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம். கடையில் கூட்டமில்லை. அந்த மாதம் இங்க் டேங்க் பிரிண்டருக்கு எங்களுக்கு டார்கெட். அதிலும் ஒரு சின்ன மாடல் பெட்டி பெட்டியாக மாடிப்படி வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. அதை யார் தலையிலாவது கட்டு, எப்படியாவது கட்டு என்று மேனேஜர் காலையில் கூப்பிட்டு வைத்து ஓதியிருந்தார்.

அக்கா நேராக வந்து, தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, போனிலிருந்தே பிரிண்ட் வர வேண்டும். கலர் வேண்டாம், கறுப்பு போதும். வாரத்துக்கு நாலைந்து பக்கம் எடுத்தால் அதிகம்.

இதைக் கேட்டதும் நேர்மையான சேல்ஸ்மேன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அக்கா, உங்களுக்கு இங்க் டேங்க்கே வேண்டாம். அது தினமும் கட்டுக்கட்டாக எடுக்கிற வீட்டுக்கு. வாரத்துக்கு நாலைந்து பக்கம் மட்டும் எடுத்தால் மை உறைந்து, மை பீய்ச்சுகிற ஹெட் அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன லேசர் வாங்கிக்கொள்ளுங்கள், தூள் மை, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. "சூப்பர்க்கா, உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு" என்று சின்ன மாடல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"இங்க் போட்ட பிரிண்டுல தண்ணி பட்டா எழுத்து அழிஞ்சிடும்னு பக்கத்து வூட்டுல சொன்னாங்களே தம்பி?"

"அதெல்லாம் அந்தக் காலம்க்கா."

"நான் மனு குடுக்கறதுக்கு முன்னாடி சாமிகிட்ட வச்சு நாலு மூலையிலயும் மஞ்சள் வைப்பேன். எங்க வூட்டு வழக்கம். மஞ்சள் ஈரத்துக்கு அழியுமா?"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துவிட்டார். உள்ளே மஞ்சள் தூள். பாட்டில் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு உள்ளங்கையிலேயே குழைத்தார். "ஒரு பக்கம் அடிச்சுக் குடு, பாக்கலாம்" என்றார்.

இருபதாயிரம் ரூபாய்ச் சாமான் விற்கிற கடையில் மஞ்சள் பரீட்சை! உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேதான் அந்த வேலையைச் செய்தேன். மேசையில் இரண்டு மாடல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பெரிய மாடலில் கறுப்பு மை மட்டும் வேறு ரகம், காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. சின்ன மாடலில் நாலு மையும் தண்ணீர் பட்டால் கரைகிற ரகம். எங்கள் பகுதியில் வேலை செய்கிற எல்லாருக்கும் இது தெரியும். பெரிய மாடல் டெமோவுக்கு வைத்த ஒன்றுதான், விற்கப் பெட்டி கிடையாது. நான் பெரிய மாடலில் ஒரு பக்கம் அடித்து அவர் கையில் கொடுத்தேன். அக்கா மூலையில் மஞ்சளை அப்பினார், தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து கல்லுமாதிரி நின்றது.

"இதே மாதிரிதான் அதுவுமா?"

"ஒரே கம்பெனிக்கா. எல்லாம் ஒரே மைதான்."

பில் போட்டாயிற்று. பில்லைத் திருப்பி என் முன்னால் வைத்தார். எனக்குத் தெரிந்துபோயிற்று. "என்னான்னுக்கா எழுதணும்?" என்று நானே கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: மஞ்சள் தண்ணீர் பட்டாலும் எழுத்து அழியாது. கையெழுத்து, தேதி. கடை சீல் வேண்டும் என்றார். அதையும் குத்திக் கொடுத்தேன். தலைவலி விட்டது என்று ஒரு டீ குடித்தேன். அன்றைக்கு அந்தப் பொய் எனக்கு ஒரு பொய்யாகவே படவில்லை. தினம் சொல்வதில் அதுவும் ஒன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷினை மாட்டிக் கொடுக்க நான்தான் சிதம்பரம் போனேன். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, ஓட்டு வீடு. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் குத்திய காகிதங்கள். தையல்காரர் எழுதிக் கொடுத்தது, குழாய் ரிப்பேர்காரர் எழுதிக் கொடுத்தது, நான் எழுதிக் கொடுத்த கல்யாணப் பத்திரிகை உறையும் அங்கேதான் தொங்கியது. கட்டிலில் அவர் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியம் பேசினால் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். இருமல் ஆரம்பித்தால் நாம் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே எங்கோ உள்ளே தள்ளியிருந்த ஒரு பட்டறையில் டிரம் கழுவியவர். மருந்து, அமிலம், என்னென்னவோ வந்த பழைய டிரம்களைக் கழுவி வீட்டு உபயோகத்துக்கு விற்கிற இடம். டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்க்க வேண்டும். முகமூடி கிடையாது, கையுறை கிடையாது. பதினோரு வருஷம் அப்படித் தேய்த்திருக்கிறார். நெஞ்சு போய்விட்டது. உதவி கேட்டு அக்கா பட்டறைக்குப் போனபோது, அந்த முதலாளி என்ன சொன்னான் தெரியுமா? "இந்தப் பேருல இங்க யாரும் வேல பாக்கலியேம்மா."

பதினோரு வருஷம்! சம்பளம் கையில், ரசீது கிடையாது. வேலைக்கு எடுத்த கடிதம் கிடையாது, அடையாள அட்டை கிடையாது. ஆளே இல்லை என்று சொல்லிவிட்டான், முடிந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் ஜிகுஜிகுவென்று நிற்கிறது, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

"நான் கழுவுன டிரம்லதான் பாதி ஊரு தண்ணி புடிக்குது" என்றார் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒரு வூட்ல ஒரு கொறை சொல்ல முடியாது. அப்பிடித் தேய்ப்பேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அக்காவுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. இன்னார் இந்த இடத்தில் இத்தனை வருஷம் வேலை செய்தார் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. திங்கள்கிழமை திங்கள்கிழமை கடலூருக்கு நடையாக நடந்து மனு கொடுத்து, கடைசியில் ஓர் அலுவலகத்தில் விசாரணைக்கு எடுத்திருந்தார்கள். கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம் கொண்டு வா என்றார்கள். தெரு முனை ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தால், இவர் வீடு வந்து சேருவதற்குள் விஷயம் பட்டறைக்குப் போய்விடும். கடைக்காரன் அந்த முதலாளிக்கு ஏதோ உறவு. கையெழுத்துப் போடுகிறேன் என்றவர்கள் இரண்டு தடவை பின்வாங்கிவிட்டார்கள். அதற்குத்தான் வீட்டுக்குள்ளேயே பிரிண்டர். பையன் படிப்புக்கு, கலர் போட்டோ எடுக்க என்று எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு காரணத்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

நான் மையை ஊற்றி முடித்தபோது வாக்குமூலம் கொடுக்க மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூன்று பேருமே அங்கே டிரம் கழுவியவர்கள். ஒருவர் கடலோரத்துக்காரர், வலை வேலை இல்லாத நாட்களில் பட்டறைக்குப் போனவர். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னார். போன் கேட்டு எழுதியது. நான் பொத்தானை அமுக்கினேன். ஓரம் விடாமல் விளிம்பு வரைக்கும் எழுத்தாக முதல் பக்கம் வந்தது. வாசித்துக் காட்டியதும் கடலோரத்துக்காரர் ரொம்ப நேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நாளைக்கு எனக்கு எவனும் வேல குடுக்க மாட்டான். தெரியுமில்ல?"

"தெரியும் மாமா" என்றார் அக்கா. "வேணாம்னா வுட்டுடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அவர் கட்டிலைப் பார்த்தார். பிறகு போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள்.

கிளம்பும்போது அக்கா ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து பிரிண்டர் மூடியில் வைத்து, மேலே குங்குமமும் வைத்தார். அப்போதாவது என் வாயைத் திறந்திருக்கலாம். அக்கா, காகிதத்தில் மட்டும் வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை. சொன்னால் என் பொய் வெளியே வந்துவிடும். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, வாரத்துக்கு ஒரு பக்கமாவது எடுங்கள், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்று பெரிய வித்துவான்மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

விசாரணை நாளன்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கடை வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அக்கா மட்டும் இறங்கி உள்ளே வந்தார். அந்த மூன்று காகிதத்தையும் என் மேசைமேல் பரப்பினார்.

மேலே இடது மூலையில் வாக்குமூலம் கொடுத்தவர் பேர், வலது மூலையில் தேதி, கீழே ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் மறுபடியும் பேர். சரியாக அந்த நாலு இடத்தில்தான் மஞ்சள். நாலு இடத்திலும் எழுத்து கரைந்து, ஊதாவும் கறுப்புமாகக் குழம்பிக் கிடந்தது. பால்பாயிண்ட் பேனாவில் போட்ட கையெழுத்துகள் மட்டும் அப்படியே இருந்தன.

"பட்டறைக்காரங்க வக்கீலு என்னா சொன்னாரு தெரியுமா?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "நடுவுல இருக்கறதெல்லாம் நல்லாயிருக்கு, பேரும் தேதியும் மட்டும் எப்பிடி அழியும்? அழிச்சிட்டு வேற ஆளு பேரப் போடப் பாத்திருக்காங்கன்னாரு. நான் உன் பில்ல எடுத்துக் காட்டுனேன். அழியாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்கன்னு. அவரு அதயே புடிச்சிக்கிட்டாரு. கடையே அழியாதுன்னு சீல் போட்டுக் குடுத்திருக்கு, அப்ப இது தானா அழிஞ்சது இல்ல, அழிச்சதுன்னுட்டாரு."

என் கையெழுத்து! இந்த மனுஷி வாழ்க்கையில் நம்பிய ஒரே விஷயம் எழுத்து. அந்த எழுத்தைக் கொண்டே இவரைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள், அதை எழுதியவன் நான்.

"ஆபீசரு நல்ல மனுஷன். இந்த மை தண்ணி பட்டா கரையுற மைதான்னு கடையில ஒரு வரி வாங்கிட்டு வாம்மா, அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன், இன்னைக்கே முடிச்சிடலாம்னாரு. எங்க வூட்டுக்காரரும் வந்திருக்காரு தம்பி. ஆட்டோவுல."

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை பார்த்த ஆள் நான்தான் என்று முகத்தைக் காட்டவே புறப்பட்டு வந்திருக்கிறார்.

மேனேஜரிடம் ஓடினேன். அந்த ஆள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "எழுத்துல ஒண்ணும் குடுக்காத. நாளைக்கு அத வச்சு நம்ம மேலயே கேஸ் போடுவாங்க. வேணும்னா வேற மெஷின் மாத்திக் குடுத்து அனுப்பு" என்றார். பட்டறைக்காரனும் இதே வேலையைத்தானே செய்தான், எழுத்தில் ஒன்றும் கொடுக்காதே என்று? எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. மாதக் கடைசி, என் தங்கைக்குப் பிரசவ நேரம், வேலை போய்விட்டால் என்ன செய்வது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

"அக்கா, வேற மெஷின் தர்றோம். இதவிட ஜாஸ்தி நல்ல மாடல்."

"எனக்கு மெஷின் வேணாம். ஒரு வரி வேணும்."

"என் கையில ஒண்ணும் இல்லக்கா."

என் டீஷர்ட் பையில் பேனா இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சொன்னார், "சரி. எழுதித் தர முடியாதுன்னாவது எழுதிக் குடு."

டிவி பகுதிப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற இளிப்பு அது, ஆனாலும் இளித்தேன். அக்கா காகிதங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, பைக்குள் வைத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினார்.

மறுநாள் போன் செய்தேன். எடுத்தார். அடுத்த வாய்தா ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை என்று தேதியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டவாவது செய்யலாம் இல்லையா? திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொள்ளலாம். அந்த ஆறு வாரமும் எனக்கு எல்லார்மேலும் கோபம். மேனேஜர்மேல், வக்கீல்மேல், பட்டறைக்காரன்மேல். அக்காமேலும்தான். ஊர் உலகத்தில் யார் இந்தக் காலத்தில் பிரிண்டில் மஞ்சள் வைக்கிறார்கள் என்று வீட்டில் கத்தினேன். என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "வைக்கிறாங்கன்னு உங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டுத்தான வாங்குனாங்க?" என்று கேட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று கடைக்குச் சொல்லிவிட்டேன். முதல் நாளே இரண்டு மாடலிலும் ஒரே பக்கத்தை ஒவ்வொரு பிரதி அடித்து எடுத்து வைத்திருந்தேன். ராத்திரி உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் கைப்பட எழுதினேன். டெமோ காட்டியது வேறு மெஷின், விற்றது வேறு மெஷின், மஞ்சள் பட்டாலும் அழியாது என்று நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுதி, கீழே முழுப் பேரோடு கையெழுத்துப் போட்டேன்.

அலுவலகத்தில் அக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார். கூப்பிட்டதும் நானும் பின்னாலேயே உள்ளே போய்விட்டேன். வக்கீல், யார் நீ என்றார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. அதிகாரியிடம் தாளைக் கொடுத்துவிட்டு, "சார், நான் பிரிண்டர் டெமோ காட்டுறவன். ரெண்டு நிமிஷம் குடுங்க, காட்டிடுறேன்" என்றேன். மேசைமேல் இரண்டு பக்கத்தையும் விரித்தேன். அக்கா பக்கம் கையை நீட்டினேன்.

"அக்கா, அந்த மஞ்சள் டப்பாவக் குடுங்க."

அவர் பையைத் திறக்கவில்லை. "இல்ல தம்பி. இப்ப எடுத்தாறது இல்ல" என்றார்.

அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்து வெறுமையாக இருந்தது.

"வீட்டுக்காரர் வரலியாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"காரியம் முடிஞ்சு நாலு நாள் ஆவுது சார்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அதிகாரிதான் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். விரலை நனைத்து இரண்டு பக்கத்தின் மூலையிலும் வைத்தேன். ஒன்றில் எழுத்து அப்படியே இருந்தது. இன்னொன்றில் கறுப்பு ஊதாவாகி, பேர் போய், தேதி போய், மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் பார்க்கப் பார்க்கக் கரைந்தது. அதிகாரி அக்காவின் மூன்று காகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். வக்கீலைப் பார்த்து, "இன்னும் ஏதாவது சொல்றீங்களா?" என்றார். வக்கீல் தன் ஃபைலை மூடினார்.

பத்தே நிமிஷம். அவ்வளவுதான் ஆயிற்று. மூன்று வாக்குமூலத்தையும் ஏற்றுக்கொண்டு, இன்னார் அங்கே பதினோரு வருஷம் வேலை செய்தது உண்மை என்று அதிகாரி சொல்லச் சொல்ல அங்கேயே தட்டெழுதி, சீல் வைத்து அக்காவின் கையில் கொடுத்தார்கள். அக்கா நின்ற இடத்திலேயே ஒவ்வொரு வரியாக வாசித்தார். வீட்டுக்காரர் பேர் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் வாசித்தார்.

வெளியே மரத்தடியில் நான் காத்திருந்தேன். ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று வந்தவன் இல்லையா? போகவும் செய்தது, அடுத்த வாரமே. அக்கா வந்தார். காகிதத்தை மடிக்காமல் அட்டைக்குள் வைத்து, அட்டையைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அவரு உங்க கடை வாசல்லதான் இருந்தாரு" என்றார். "இந்தப் பத்து நிமிஷத்த அன்னைக்கே குடுத்திருந்தா, அந்த ஒரு வரியக் காதால கேட்டுட்டாவது போயிருப்பாரு தம்பி."